இடம் பண்ணிய ராத்தா

கம்பியூட்டர் கேசிங் ஒன்றைத் தூக்க வேண்டி வந்தால், தூக்குவதற்கு முன் அதன் பக்கத் தகட்டில் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். உள்ளே மதர்போட் இருக்கிறதா, வேறு ஏதும் இருக்கிறதா என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும். கடைக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். என் பக்கத்துக் கடை ராத்தாவை அறிந்திருந்தால் அவர்களும் தட்டித்தான் பார்ப்பார்கள்.

கல்முனையில், பெரிய வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு குறுக்குத் தெருவில் எனக்குக் கடை. போட்டோ கொப்பி, டைப்பிங், கல்யாணக் காட். எனக்கும் அடுத்த கடைக்கும் ஒரே கூரை, நடுவில் ஒரு பலகைத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் ராத்தாவின் கம்பியூட்டர் கடை இருந்தது. கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட மூத்தவர் என்பதால் ராத்தா. கடையைத் தொடங்கியவர் அவருடைய கணவர். கொழும்பிலிருந்து சாமான் இறக்கி, எங்கள் பக்கத்தில் பாகங்களைச் சேர்த்துக் கம்பியூட்டர் பூட்டி விற்ற முதல் ஆட்களில் ஒருவர். ராத்தா அவருக்குப் பகல் சாப்பாடு கொண்டுவருவார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சும்மா இருக்க முடியாமல் ஒருநாள் ஸ்குரூ ட்ரைவரைக் கையில் எடுத்தவர், பிறகு அதைக் கீழே வைக்கவில்லை.

சுனாமியில் கடல் வந்த அன்று காலையில் அந்த மனிதர் மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தார். பின்னேரம் பள்ளிவாசல் முற்றத்தில் கொண்டுவந்து கிடத்தியிருந்தவர்களில் அவரும் இருந்தார். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தாக் காலம் முடிந்த கையோடு ராத்தா கடையைத் திறந்தார். தெரு கதைத்தது. கதைக்கிறவர்களுக்கு உள்ளே நடப்பது வடிவாகத் தெரியட்டும் என்று இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தார்.

அப்போது அவர் நல்ல தாட்டியான மனிசி. கடை வாசலில் வந்து நின்றால் உள்ளே வெளிச்சம் குறையும். குரலும் அதற்கேற்ற குரல். தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே அவர் வியாபாரம் முழுவதையும் நான் கேட்கலாம், வேண்டாம் என்றாலும் கேட்கும்.

‘இடம் இல்லை’ என்ற சொல் மட்டும் அவருக்கு ஆகாது. யார் சொன்னாலும் தன்னைத் திட்டியது போல முகம் மாறிவிடும். மூன்று பேர் இருக்கிற ஓட்டோவில் நாலாவது ஆளுக்கு இடம் பண்ணுவார். கந்தூரிச் சாப்பாட்டில் ஆறு பேர் சுற்றி இருக்கும் சஹன் தட்டில் எட்டுப் பேரை இருத்திவிட்டு, சோறு காணும் காணும் என்பார். என் மனைவி ஒருமுறை எங்கள் வீட்டில் புது அலுமாரி வைக்க இடமில்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மறுநாளே ராத்தா அளவு நாடாவோடு வந்து, எங்கள் கட்டிலையும் மேசையையும் இழுத்துப் போட்டு, அலுமாரியை உள்ளே ஏற்றிவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு கட்டிலிலிருந்து இறங்க நான் சுவர்ப்பக்கமாக ஒருக்களித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது.

“இடம் இல்லயெண்டு ஒண்டு இல்ல தம்பி,” என்பார். “இடம் பண்ணத் தெரியாத ஆக்கள்தான் இரிக்காங்க.”

என் முதல் கம்பியூட்டர் அவருடைய கணவர் பூட்டியது. ஏ.டி. மதர்போட் காலத்து மெசின். போட் என்றால் சாப்பாட்டுத் தட்டு இரண்டை அருகருகே வைத்த அளவு. கீபோட்டுக்கு மட்டும் போட்டிலேயே ஒரு வட்ட ஓட்டை. மற்றதெல்லாம் பட்டை வயர்களில் இழுபட்டுப் பின்பக்கம் போகும். முன்னால் இருக்கிற சுவிச்சுக்கு வீட்டுக் கரண்ட் நேரே வரும். அது எனக்குத் தெரியாது. மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, பெரிய ஆள் போல அந்தச் சுவிச்சின் பின்பக்கத்தைத் தொடப் போனேன். சாப்பாட்டுக் கூடையோடு உள்ளே வந்த ராத்தா மேசையில் கிடந்த அடிமட்டத்தை எடுத்து என் புறங்கையில் ஓங்கி அடித்தார். வலியைவிட அதிர்ச்சிதான் பெரிது. கல்யாணம் கட்டின ஆம்பிளை, அடி வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கிறேன்.

“இந்த அடி நோகும்,” என்றார். “அந்த அடி நோகா. நோகிறத்துக்கு ஆள் இரிக்க மாட்டீங்க.”

எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியது.

பிறகு, பிந்தித்தான் என்றாலும், எங்கள் ஊருக்கும் ஏ.டி.எக்ஸ். வந்தது. போட்டைத் திருப்பிப் படுக்க வைத்திருந்தார்கள். செருகும் துவாரங்கள் எல்லாம் ஒரே கரையில் வரிசையாக நின்றன. கரண்ட் பிளக்கை மாற்றிச் செருக முடியாது, சுவிச்சும் தொட்டால் அடிக்காது. எல்லாம் நல்லதுதான். ஆனால் பழைய கேசிங்கின் முதுகில் அந்த வரிசைக்கு வழி இல்லை. மற்ற ஊர்களில் கேசிங்கையும் சேர்த்து எறிந்துவிட்டுப் புதிது வாங்கினார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு புது போட்டோடு போனேன். அப்போது கடை ராத்தாவின் கையில். அவர் இரும்பு அறுக்கும் வாளை எடுத்து என் கேசிங்கின் முதுகை அறுக்கத் தொடங்கினார். நான் கத்திவிட்டேன். தகடு போட்ட சத்தத்தில் தேத்தண்ணிக் கடைக்காரர் யாருக்கு என்ன நடந்தது என்று ஓடி வந்தார். ராத்தா நிமிரவில்லை. அறுத்து, ஓரத்தை அராவி, பவர் சப்ளையை மாற்றி, போட்டைத் தாங்கும் பித்தளைக் கால்களுக்குப் புது ஓட்டை துளைத்து, என் புது போட்டை அந்தப் பழைய பெட்டிக்குள் இருத்திக் காட்டினார்.

“வீட்டுக்குப் புது ஆள் வந்தா வீட்டையா எறியிற? சுவரக் கொஞ்சம் தள்ளிக் கட்டுற,” என்றார்.

அந்தக் கேசிங் எனக்குப் பல வருடம் உழைத்தது. அறுத்த ஓரம் கீறி என் விரல்களில் விழுந்த காயங்களை அவர் காயமாகவே மதிக்கவில்லை.

அவர் வாள் வைக்காத கேசிங் ஒன்றே ஒன்றுதான். கணவர் தனக்கென்று முதன்முதலில் பூட்டிய மெசினுடைய கேசிங் அது. நிமிர்த்தினால் இடுப்பளவு வரும், அந்தக் காலத்து முழு அளவு. உள்ளே இருந்த போட் எப்போதோ செத்துவிட்டது. அதை அலுமாரிக்கு மேல் படுக்க வைத்து, ஒரு பழைய துவாயால் மூடியிருந்தார். பழைய இரும்புக்காரன் கேட்டான், கொடுக்கவில்லை. ஒரு டியூசன் மாஸ்டர் ஐந்தாறு ஹாட் டிஸ்க் போட நல்ல பெட்டி என்று நச்சரித்தார், கொடுக்கவில்லை. நான் இடம் அடைக்குதே என்று சொல்லிப் பார்த்தேன்.

“அதுக்கு ஆள் இரிக்கி,” என்றார். யாரோ வாடிக்கையாளர் சொல்லி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாயும் தகப்பனும் இருந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பின்வளவில் ஒரு குடிலுக்கோ, அடுத்த மகளுக்குக் கட்டுகிற வீட்டுக்கோ போவார்கள். ராத்தாவுக்கு மூன்றும் பெண். அவரிடம் இருந்தது கல்முனையில் ஒரு வீடு, மருதமுனையில் தாய் வழியில் வந்த ஒரு துண்டு வளவு, சாகாமத்தில் கொஞ்சம் வயல். மூன்று மகளுக்கும் மூன்று வீடு கொடுத்து முடித்தால் தாய் எங்கே இருப்பார்? தெருவில் எல்லாரும் இதைத்தான் கேட்டோம். ராத்தா மட்டும் அது ஒரு கேள்வியே இல்லை என்பது போல இருந்தார்.

மூத்தவளுக்குக் கல்முனை வீடு போனது. ராத்தா மற்ற இருவரோடும் பின்வளவுக் குசினிக்கு இறங்கினார். நடுவிலாளுக்கு மருதமுனையில் வீடு கட்டினார். அவளுடைய மாப்பிள்ளைக்கு அங்கே சாரன், சாரி விற்கும் ஒடுக்கமான கடை, கம்பியூட்டர் வைக்க மேசை போட முடியாது. அந்தச் சமயத்தில்தான் உள்ளங்கையை விரித்தால் மூடிவிடலாம் போல மினி ஐ.டி.எக்ஸ். என்று ஒரு போட் வந்திருந்தது. ராத்தா அதில் ஒன்றைக் காசு மேசையின் லாச்சிக்குள் பூட்டிக் கொடுத்தார். லாச்சியை இழுத்தால் உள்ளே கம்பியூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். மருதமுனையில் அதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். நானும் போய்ப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நடுவிலாளின் வீட்டில் பக்கத்து அறையொன்றில் ராத்தாவும் இளையவளும் இருந்தார்கள்.

போட் சின்னதாகச் சின்னதாக ராத்தாவுக்குச் சந்தோசம். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். ஒன்றை என் பழைய கேசிங்குக்கு மேல் பிடித்துக் காட்டி, ஸ்குரூ ஓட்டைகள் அச்சொட்டாகப் பொருந்துவதைப் பார்க்கச் சொன்னார். போட்டின் ஓரத்தைத்தான் வெட்டிக் குறைத்திருக்கிறார்கள், ஓட்டைகளின் இடத்தில் கை வைக்கவில்லை.

“பெரிய போட்டுக்குச் சின்னப் பெட்டி ஏலா,” என்றார். “சின்ன போட் எந்தப் பெட்டிக்குள்ளயும் இரிக்கும்.”

இதைச் சொல்லாத நாள் இல்லை. எனக்குக் காது புளித்துவிட்டது.

ஒருமுறை அவரிடம் கொடுக்காமல் நானே ஒரு மெசின் பூட்டினேன். எல்லாம் சரி, சுவிச்சை அமத்தினால் ஒரு அசைவும் இல்லை. வெட்கத்தோடு தட்டிக்கு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போனேன். ராத்தா போட்டைக் கழற்றி, அடியில் நின்ற பித்தளைக் கால் ஒன்றை விரலால் சுழற்றி எடுத்தார். பெரிய போட்டுக்கென்று கேசிங்கில் முன்பே பூட்டியிருந்த கால் அது. என் சின்ன போட்டில் அந்த இடத்தில் ஓட்டை இல்லை. கால் நேரே போட்டின் அடிவயிற்றில் முட்டிக்கொண்டு நின்றது.

“நல்ல கால்தான்,” என்று அதை என் கையில் வைத்தார். “ஆனா ஓட்டை இல்லாத இடத்தில நிக்கி. நிண்டா போட்ட எரிச்சிரும்.”

திரும்பப் பூட்டியதும் மெசின் எழும்பியது. கொஞ்சம் பிந்தியிருந்தால் போட் போயிருக்கும் என்றார். அந்தக் காலை நான் என் மேசையிலேயே வைத்திருந்தேன்.

கொம்பனிகள் தங்கள் பெயர் போட்டு விற்கிற சின்ன மெசின்களை அவர் வெறுத்தார். அவற்றின் போட் அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் சரிவரும், வேறு எதற்குள்ளும் இருக்காது. இளையவளைக் கேட்டு நிந்தவூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தங்கள் ஊரிலேயே வீடு வேண்டும், மாபிள் வேண்டும், அறையோடு சேர்ந்த குளியலறை வேண்டும் என்று அடுக்கினார்கள். அவர்கள் வெளிக்கிட்டதும் ராத்தா தட்டியில் ஒரு குத்துக் குத்தி, “தம்பி, கொம்பனி மெசின் ஒண்டு வந்துட்டுப் போகுது,” என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் இளையவளுக்கு அந்தப் பெடியனைப் பிடித்திருந்தது. ராத்தா சாகாமத்து வயலை விற்று, நிந்தவூரில் நாலு பேர்ச் காணி வாங்கி, கேட்டதெல்லாம் வைத்து வீட்டைக் கட்டிக் கொடுத்தார். ஒரு ஹோல், ஒரு அறை, ஒரு குசினி. புதுத் தம்பதி இருவருக்கு அளந்து தைத்த வீடு. மாப்பிள்ளை பிறகு நல்லவராகத்தான் இருந்தார். கேட்டதெல்லாம் அவருடைய தாய் தகப்பன்தான்.

கல்யாணத்தன்று பந்தலில் வைத்து நான் கேட்டேன், ராத்தா இனி எங்கே என்று.

“மூணு வீடு இரிக்கே,” என்றார்.

உண்மைதானே. கேட்டதே மடத்தனம் என்று எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு அவரைப் பார்த்து நான் ஆச்சரியப்படுவதற்கு நிறைய இருந்தது. நான் கடை திறக்க வரும்போது அவர் கடை திறந்திருக்கும். நான் பொழுது பட்டு மஃரிபு தொழப் பூட்டிக்கொண்டு போகும்போதும் திறந்திருக்கும். உழைப்பு என்றால் இதுதான் என்று வீட்டில் போய்ச் சொல்வேன். இரண்டு கடைக்கும் பொதுவான பின்பக்கக் குழாயடியில் துவாயும் சட்டைத் துணியும் காயும். மெசின் துடைக்கிற துணி என்று நினைத்தேன். சில காலைகளில் முட்டை பொரிக்கும் வாசம் வரும். தேத்தண்ணிக் கடையில் புதுப் பலகாரம் போடுகிறார்கள் என்று நினைத்தேன். சுவர்த் தட்டுகளில் பழைய கேசிங்குகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, ‘ஸ்கூல்’, ‘சங்கம்’, ‘டியூசன்’ என்று எழுதியிருந்தார். திருத்தக் கொடுத்தவர்கள் எடுக்க வரவில்லையாம். இப்படியும் மறதி பிடித்த ஊரா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஆள் மெலிந்துகொண்டே வந்தார். அபாயா தோளில் தொங்கியது. வாசலில் நின்றாலும் வெளிச்சம் குறைவதில்லை. சீனி வருத்தமா, ஒருக்கா டொக்டரிடம் காட்டுங்கள் என்றேன். காட்டியாகிவிட்டது, ஒன்றும் இல்லை என்றார். வயது போனால் போட்டைச் சின்னதாக்கத்தானே வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு மாரி. விடாமல் பெய்த மழையில் வயல் பக்கத்துத் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் தெருவுக்கு ஏறியது. கரண்ட் இல்லை. காலையில் நான் முழங்கால் தண்ணீரில் ஓடி வந்து போட்டோ கொப்பி மெசினை மேசைக்கு மேல் ஏற்றினேன். தட்டிக்கு அந்தப் பக்கம் பெட்டிகள் உரசும் சத்தம். இந்த மழைக்குள் மனிசி எந்த வீட்டிலிருந்து எப்படி வந்தார் என்று யோசித்தபடி உதவிக்குப் போனேன். கீழ்த் தட்டுக் கேசிங்குகளை ராத்தா ஒவ்வொன்றாக இழுத்து மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்.

“நீங்க போங்க தம்பி, நான் பாக்கிறன்,” என்றார். அதைக் கேட்டு நிற்க எனக்கு நேரமில்லை. ‘ஸ்கூல்’ என்று எழுதியிருந்ததை இரண்டு கையாலும் பிடித்துப் பலம் போட்டுத் தூக்கினேன். பவர் சப்ளையின் பாரத்தை எதிர்பார்த்த கைகள் வெறுமனே மேலே போயின. நான் பின்னால் சாய, பக்கத் தகடு கழன்று தண்ணீரில் விழுந்தது. அதன் பின்னால் மடித்த உடுப்புகள் விழுந்தன. ஒரு பாவாடை, இரண்டு சட்டை, ஒரு சீப்பு.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண்பிள்ளை உடுப்பைக் கையால் தொடவும் கூச்சம், தண்ணீரில் விடவும் மனமில்லை. அடுத்த கேசிங்கைப் பார்த்தேன். அதன் தகட்டை ராத்தா ஏற்கெனவே கழற்றியிருந்தார். போட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ரைஸ் குக்கர், ஒரு பீங்கான், ஒரு கோப்பை, சீனிப் போத்தல். இன்னொன்றில் தொழுகைப் பாயும் மருந்துப் போத்தல்களும். வேலை மேசைக்கு அடியில், வயர் மூட்டை என்று நான் இவ்வளவு காலமும் நினைத்தது சுருட்டிய மெத்தை. அது நனைந்து ஊறிப்போய்க் கிடந்தது. அந்த மேசைக்கு அடியில் காலை நீட்டிப் படுக்க முடியாது.

“ராத்தா, இஞ்சயா இரிக்கீங்க?”

“ஓம்.”

“எப்ப இருந்து?”

“இளையவள்ற கல்யாணத்தில இருந்து.”

இளையவளின் மகன் அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. மூன்று மகள், மூன்று வீடு, ஊர் முழுக்கச் சொந்தம் என்று என்னென்னவோ சொல்லிச் சத்தம் போட்டேன். ராத்தா கீழே விழுந்த உடுப்புகளைப் பிழிந்து மேசையில் வைத்தார். மருமக்கள் மூவரும் நல்ல பிள்ளைகள், ஒருவரையும் குறை சொல்ல முடியாது என்றார். ஆனால் கல்முனைக் குசினியும் மருதமுனை அறையும் இப்போது பேரப்பிள்ளைகளுக்கு வேண்டும், அந்தச் சின்ன வீடுகளில் தான் போய் இருந்தால் மருமகன் சாரனோடு காற்றுக்கு ஹோலில் படுக்க முடியாது, புருசனும் பெண்சாதியும் ஒரு சண்டை பிடிக்கவும் முடியாது, தான் இருமினால் மகள் எழும்பி உட்காருவாள் என்றார்.

“அந்தக் கால் தம்பி,” என்றார். “உங்கட மேசையில இரிக்கே. நல்ல கால்தான்.”

பிள்ளைகளுக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் செய்திருந்த வேலை இதுதான். மூத்தவளிடம் நடுவிலாள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார், நடுவிலாளிடம் இளையவள் வீட்டில் என்றார், இளையவளிடம் மூத்தவள் வீட்டில் என்றார். முறை வைத்து மூன்று வீட்டுக்கும் போய்ப் பகல் சாப்பிட்டுவிட்டு வருவார். உம்மாவுக்கு மற்றவளில்தான் விருப்பம் கூட என்று மூவருக்கும் உள்ளுக்குள் ஒரு மனத்தாங்கல். அதனால் ஒருத்தி மற்றவளிடம் உம்மாவைப் பற்றி வாய் திறந்து கேட்டதே இல்லை. பிள்ளைகளை அவர்களுடைய சொந்த ரோசத்தை வைத்தே ஏமாற்ற முடியும் என்று அந்த மனிசிக்குத் தெரிந்திருக்கிறது. அதை நினைக்க எனக்கு இன்றைக்கும் ஒரு பயம் வருகிறது.

நான் சொல்லத் தேவை வரவில்லை. வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இளையவளும் அவள் புருசனும் இறங்கினார்கள். தண்ணீர் ஏறுவதைப் பார்த்து, உம்மாவைக் கவனம் என்று சொல்ல அவள் மூத்தவளுக்கு போன் எடுத்திருக்கிறாள். மூத்தவள் நடுவிலாளிடம் என்றாள். நடுவிலாள், உன்னிடம்தானே என்றாள். மூவரும் ஒரே நேரத்தில் போனில் அழுதிருக்கிறார்கள். உம்மாவை வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்றே நினைத்து வந்திருந்தாள்.

உம்மாவைக் கண்டதும் அவளுக்கு உயிர் வந்தது. பிறகு ரைஸ் குக்கரைக் கண்டாள், மெத்தையைக் கண்டாள். ஒவ்வொரு கேசிங்காகத் தகட்டை இழுத்துத் திறந்து பார்த்துக்கொண்டே போனாள். ஒன்றில் மூக்குக் கண்ணாடி, ஒன்றில் பிஸ்கட், ஒன்றில் செருப்பு. நானும் அவள் புருசனும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். கடைசியில் அலுமாரிக்கு மேல் இருந்த பெரிய கேசிங்கைக் காட்டி, அதை இறக்குங்கள் என்று புருசனிடம் சொன்னாள்.

“அதத் தொட வேணாம்,” என்றார் ராத்தா. அந்தப் பெரிய குரல் உடைந்து வந்தது.

மருமகன் அதற்குள் இறக்கிவிட்டார். இளையவள் துவாயை விலக்கித் தகட்டைத் திறந்தாள். கற்பூரமும் அத்தரும் மணத்தன. உள்ளே பொலித்தீனில் சுற்றிய வெள்ளைப் புடவை, மடிப்புக் கலையாமல், பெட்டி நிறைய இருந்தது. இறந்தவர்களுக்குச் சுற்றுகிற கபன் புடவை. அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“வாப்பாக்கு அண்டைக்குப் புடவ கிடைக்கல்ல மகள்,” என்றார் ராத்தா. “எத்தின மையித்து. எல்லாருக்கும் எங்க போற. கட்டில் சீலையோடதான் அடக்கின.” புடவையின் பொலித்தீனைச் சரிசெய்தபடி, “எனக்கு எல்லாத்தையும் சின்னனாக்கலாம். இத மட்டும் ஏலா. இதுக்கு முழு அளவு வேணும். அதான் பெரிய பெட்டி,” என்றார்.

இளையவள் தகட்டைத் திரும்பப் பூட்டினாள். கேசிங்கைத் தன் இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டாள்.

“இது என்ட வீட்டுக்குப் போகுது. இத விட்டுட்டு நீங்க இஞ்ச இரிக்க மாட்டீங்க.”

“எங்க வெப்பாய் மகள்? அங்க இடம் இல்லயே.”

அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டார்.

“இடம் பண்ணுவம் உம்மா,” என்றாள் இளையவள். தண்ணீரில் இறங்கி வேனை நோக்கி நடந்தாள். ராத்தா அந்தப் பெட்டிக்குப் பின்னால் போனார்.

அதற்குப் பிறகு அவர் கடையைத் திறக்கவில்லை. நிந்தவூரில் ஹோலின் ஒரு பக்கத்தை மறைத்து அவருக்கு ஒரு அறை எடுத்திருந்தார்கள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். மருமகன் அந்த மறைப்புக்கு இந்தப் பக்கம் சாரனோடு படுத்திருந்தார். பேரன் ராத்தாவின் மடியில் ஒரு பழைய போட்டை வைத்து ஸ்குரூ கழற்றிக்கொண்டிருந்தான். சந்தோசமாகத்தான் இருந்தார். அடுத்த மாரிக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். அவரைக் கொண்டுபோன சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பாரம் என் தோளுக்கு வரவில்லையோ என்று இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தேன். வந்துதான் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து இளையவள் அந்தப் பெரிய கேசிங்கோடு என் கடைக்கு வந்தாள். இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் மாமா என்றாள். வாங்கும்போது பழக்கதோசத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். வெறும் பெட்டிச் சத்தம் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தகட்டைத் திறந்து காட்டினாள். வெள்ளைப் புடவை இன்னும் கிடந்தது, பாதிக்குக் கொஞ்சம் குறைவாக.

“மிஞ்சிப் போச்சு மாமா,” என்றாள். “உம்மாக்கு அவ்வளவு தேவப்படல்ல. நாங்க மூணு பேரும்தான் குளிப்பாட்டின. உம்மா எப்ப மாமா இவ்வளவு சின்னனானா?”

நான் தகட்டைத் திரும்பப் பூட்டினேன். தட்டிக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த போன் கடைக்காரர்கள் தட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கடை சின்னது, ஒன்றுக்கும் இடம் காணாது என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் கேட்டது.